விசிட்டிங் கார்டு: கோப்பாகக் கொடுப்பதா, சுட்டியாகக் கொடுப்பதா?

3.5 அங்குல நீளம், 2 அங்குல அகலம். இந்தச் சின்ன அட்டையில் பெயரும் தொழிலும் எண்ணும் முகவரியும் அச்சாகி, கொடுப்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குப் போகின்றன. போனதோடு சரி. வாங்கியவர் அதைப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம், கல்லா மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகலாம், தேவைப்படும் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கலாம். அட்டையை அடித்துக் கொடுத்த பிரஸ்காரருக்கு அது எங்கே போனது, யார் எத்தனை முறை எடுத்துப் பார்த்தார் என்பதெல்லாம் தெரியாது. இந்த அட்டை ஸ்மார்ட்போனுக்குள் குடிபெயர்ந்த பிறகு இரண்டு வடிவங்களை எடுத்திருக்கிறது. ஒன்று, வாங்குபவரின் போனில் ஒரு கான்டாக்டாகப் போய்ச் சேர்ந்துவிடும் கோப்பு. மற்றொன்று, எங்கோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் பக்கத்தைக் காட்டும் சுட்டி. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறோம், விவரம் திரையில் வருகிறது. ஆனால் அந்த விவரம் கடைசியில் யாரிடம் தங்குகிறது என்று பார்த்தால் இரண்டுக்கும் வெகுதூரம். சிறுதொழில் செய்பவருக்கும் தனிநபருக்கும் கோப்பே ஏற்றது. சுட்டி அதற்குத் துணையாக நிற்கலாமே தவிர அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பது என் வாதம்.

கோப்பு வடிவத்துக்கு ஏறத்தாழ முப்பது வயதாகிறது. ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த வெர்சிட் என்ற கூட்டமைப்பு 1990களின் நடுவில் விகார்டு என்ற வடிவத்தை உருவாக்கியது. 1998இல் விகார்டு 3.0, 2011இல் விகார்டு 4.0 என்று இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு அதைப் பொதுத் தரமாக வெளியிட்டது. அதைப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் காசு கட்ட வேண்டாம். ஒரு விகார்டு கோப்பைச் சாதாரண எழுத்துச் செயலியில் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை வெறும் வரிகள்தான். கார்டு தொடங்குகிறது என்கிறது முதல் வரி. அடுத்தது பதிப்பெண். பிறகு பெயர், தொலைபேசி, நிறுவனம், பதவி, முகவரி, இணையதளம் என்று வரிக்கு ஒன்றாக வரும். கார்டு முடிந்தது என்று கடைசி வரி சொல்லும். ஐஃபோனோ ஆண்ட்ராய்டோ, மேசைக் கணினியின் மின்னஞ்சல் செயலியோ, எல்லாமே இந்த வரிகளைப் படித்துப் புரிந்துகொள்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒரு கான்டாக்டை அனுப்பும்போது போய்ச் சேர்வதும் இந்த வடிவம்தான். ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் டிஜிட்டல் கார்டு செய்வதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது என்பதை இதிலிருந்தே சொல்லிவிடலாம்.

கார்டைக் கைமாற்றும் வழிகளோ வந்து வந்து போயின. 1998இல் வந்த பாம் III கையடக்கக் கருவியில் இன்ஃப்ராரெட் வசதி இருந்தது. இரண்டு கருவிகளை எதிரெதிரே நீட்டிக் கார்டை மாற்றிக்கொண்டார்கள். நோக்கியா போன்களில் கார்டை எஸ்எம்எஸ்ஸாகவே அனுப்ப முடிந்தது. 2009இல் வந்த பம்ப் என்ற செயலியில் இரண்டு போன்களை முட்டினால் போதும், விவரம் மாறிவிடும். முட்டிய நேரத்தையும் இடத்தையும் சர்வரில் ஒப்பிட்டு எந்தப் போனோடு எது முட்டியது என்று அது கண்டுபிடித்தது. கோடிக்கணக்கானோர் பதிவிறக்கிய அந்தச் செயலியை 2013 செப்டம்பரில் கூகுள் வாங்கியது, 2014 ஜனவரி 31 அன்று மூடியது. காகித அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் ஆட்களை வைத்துப் படித்து எண்ணைப் பதிந்து தந்த கார்ட்மன்ச் செயலியை லிங்க்டின் 2011இல் வாங்கி 2014இல் நிறுத்தியது. இப்போது ஐஃபோன்களில் 2023 செப்டம்பரில் வந்த நேம்டிராப் இருக்கிறது. இரண்டு போன்களின் தலைப்பகுதியை அருகருகே கொண்டுபோனால் கார்டு திரையில் எழும்பும், சம்மதம் கொடுத்தால் மாறும். இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்று. பம்ப் மூடப்பட்ட மறுநாள் முட்டிக் கார்டு மாற்றும் வசதி இல்லாமல் போனது. ஆனால் அதன் வழியாக வந்து போனின் கான்டாக்ட் பட்டியலில் சேமிக்கப்பட்ட எண்கள் போகவில்லை. பாலம் இடிந்தாலும் அக்கரை போய்ச் சேர்ந்தவை பத்திரமாக இருந்தன. சுட்டியாகக் கொடுக்கப்படும் கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

நம் ஊரில் நடைமுறையில் நடப்பது இது எதுவுமே இல்லை என்று ஒருவர் சொல்லலாம். அது உண்மைதான். அச்சடித்த அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் பெருவழக்கு. வடிவமைப்பாளர் கொடுத்த படக் கோப்பையோ, பொத்தான்கள் வைத்த பிடிஎஃபையோ அனுப்புபவர்களும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் போனைப் பொறுத்தவரை அது ஒரு படம் மட்டுமே. வாங்குபவர் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பத்து இலக்கங்களை விரலால் அடிக்க வேண்டும், ஓர் இலக்கம் தவறினால் அழைப்பு வேறு வீட்டுக்குப் போகும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இப்போதைய போன்களில் இருந்தாலும், அலங்கார எழுத்தில் அச்சான தமிழ்ப் பெயரிடம் அது தடுமாறுகிறது. மூன்று மாதம் கழித்து அந்தப் படம் காலை வணக்கப் படங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே எங்கோ புதைந்து கிடக்கும். கான்டாக்டாக அனுப்பியிருந்தால் ஒரு தட்டலில் பட்டியலில் சேர்ந்து, பெயரைத் தட்டினால் கிடைக்கும் இடத்தில் இருந்திருக்கும். படம் அனுப்பும் அதே இணைப்புப் பொத்தானுக்குள்தான் கான்டாக்ட் அனுப்பும் வசதியும் இருக்கிறது. புதிதாக எதையும் வாங்காமல், கற்காமல் செய்யக்கூடிய முதல் மாற்றம் இது.

எதிரே நிற்பவரின் எண் நம்மிடம் இல்லாதபோது வாட்ஸ்அப் உதவாது, அங்கேதான் கியூஆர் கோடு வருகிறது. ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு 1994இல் இதை உருவாக்கியது, வாகன உதிரிபாகங்களைக் கணக்கில் வைப்பதற்காக. காப்புரிமையை வைத்திருந்தும் அந்த நிறுவனம் தரத்துக்கு உட்பட்ட பயன்பாட்டுக்கு அதைச் செலுத்தாமல் விட்டதால் உலகமெங்கும் பரவியது. யுபிஐ வந்த 2016க்குப் பிறகு நம் நாட்டில் டீக்கடை, பூக்கடை வரை கியூஆர் கோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்கேன் செய்யத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை இல்லை. இந்தக் கட்டத்துக்குள் இரண்டு விதமாகக் கார்டை வைக்கலாம். விகார்டு வரிகளையே நேரடியாக உள்ளே வைப்பது ஒரு முறை. ஸ்கேன் செய்யும் போனுக்கு இணையம் தேவையில்லை. கேமரா கோடைப் படித்ததும் கான்டாக்டில் சேர்க்கவா என்று கேட்கும், அவ்வளவுதான். சிக்னல் எட்டாத மலைக்கிராமத்திலும், ஆயிரம் பேர் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும் கண்காட்சி அரங்கிலும் அது வேலை செய்யும். மற்ற முறையில் உள்ளே இருப்பது ஒரு இணைய முகவரி மட்டும். விவரமெல்லாம் வேறெங்கோ இருக்கும். கட்டத்தின் வெளித்தோற்றத்தை வைத்து எது எந்த வகை என்று கண்ணால் சொல்ல முடியாது.

சுட்டி முறையை விற்பவர்கள் தொழில்நுட்ப ரீதியாகச் சொல்லும் முதல் காரணம், விகார்டை உள்ளே வைத்தால் கட்டம் நெருக்கமாகி ஸ்கேன் ஆகாது என்பது. தமிழ் என்றால் இன்னும் மோசம் என்பார்கள். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் உயிர்மெய்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். செந்தில் என்ற பெயரில் கண்ணுக்குத் தெரிவது நான்கு எழுத்து. கணினிக்கு அது ச, எகரக் குறி, ந, புள்ளி, த, இகரக் குறி, ல, புள்ளி என்று எட்டு. ஆக 24 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 7 பைட். மதுரையில் இருக்கும் ஒரு எலக்ட்ரீசியனின் பெயர், தொழில், கைபேசி எண், ஊர் ஆகிய நான்கையும் ஆங்கிலத்தில் விகார்டாக எழுதினால் சுமார் 110 பைட் வருகிறது. சேதத்தை ஓரளவு தாங்கும் நடுத்தரப் பிழைதிருத்த அளவில் அதற்கு 45க்கு 45 புள்ளிகள் கொண்ட கோடு போதும். அதையே தமிழில் எழுதினால் 180 பைட்டைச் சற்றுத் தாண்டுகிறது, கோடு 57க்கு 57 ஆகிறது. சுற்றிலும் விட வேண்டிய வெள்ளை ஓரத்தையும் சேர்த்து 2 செ.மீ. சதுரத்தில் அச்சடித்தால் ஒரு புள்ளியின் அகலம் ஆங்கிலத்தில் 0.38 மி.மீ., தமிழில் 0.31 மி.மீ. இன்றைய போன் கேமராவுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. கியூஆர் தரத்தின் உச்சவரம்பு 2,953 பைட். புகைப்படத்தை உள்ளே திணிக்க ஆசைப்பட்டால்தான் இடம் போதாமல் போகும். பெயருக்கும் எண்ணுக்கும் தொழிலுக்கும் முகவரிக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. தமிழில் கார்டு வைப்பதற்குத் தடை பைட் கணக்கில் இல்லை.

தடை வேறொரு இடத்தில் இருக்கிறது, அதை ஒளிக்காமல் பேச வேண்டும். விகார்டு பெயரை ஐந்து அறைகளாகப் பிரிக்கிறது: குடும்பப் பெயர், இட்ட பெயர், நடுப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கிறது. கடைசிப் பெயர் என்று போன் கேட்கும் இடத்தில் பலரும் அந்த முதலெழுத்தைப் போடுகிறார்கள். கு. செந்தில் என்பவர் மற்றவர் போனில் செந்தில் கு என்று தலைகீழாகத் தெரிவதும், கடைசிப் பெயர் வரிசையில் அடுக்கும் போன்களில் கு என்ற இடத்தில் போய் ஒளிந்துகொள்வதும் இதனால்தான். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் அரசு ஆவணங்களில் முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத ஆணையிட்டது. போனின் கட்டங்களுக்கு அந்த ஆணை எட்டவில்லை. பழைய பதிப்பான விகார்டு 2.1இல் கோப்பை எழுதும் ஆண்ட்ராய்டு போன்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டையும் அவை மூன்று குறிகளாக மாற்றி எழுதுகின்றன, செந்தில் என்ற பெயர் 72 குறிகளாக நீள்கிறது. வாங்கும் செயலி அதைத் திரும்ப மாற்றத் தெரியாததாக இருந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறிகளும் எண்களும் வரிசையாக நிற்கும். விகார்டு 4.0 யுடிஎஃப்-8ஐ மட்டுமே ஏற்கிறது, பெயர் வரிகளில் முழுப்பெயரை மட்டுமே கட்டாயமாக்குகிறது, ஒரே பெயரை இரண்டு மொழிகளில் தரவும் இடம் கொடுக்கிறது. நமக்கு வேண்டியது அத்தனையும் தரத்தில் இருக்கிறது. போன் நிறுவனங்கள் அதை முழுமையாகச் செயல்படுத்தாததுதான் குறை.

அதுவரை செய்யக்கூடியது எளிது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, முழுப்பெயரையும் முதல் பெயர்க் கட்டத்திலேயே எழுதிவிடலாம். நம் மக்கள் எண்ணைச் சேமிக்கும் விதத்தையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். முருகன் பிளம்பர், செல்வி டெய்லர், பாட்சா ஏசி மெக்கானிக் என்று தொழிலைப் பெயரோடு ஒட்டித்தான் யாரும் சேமிக்கிறார்கள், ஏனென்றால் ஆறு மாதம் கழித்துத் தேடும்போது நினைவுக்கு வருவது தொழில்தான். கார்டு கொடுப்பவரே தொழிலைப் பெயர்க் கட்டத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டால் வாங்குபவருக்கு வேலை மிச்சம். பதவிக்கும் நிறுவனத்துக்கும் தனிக் கட்டம் இருக்கிறதே, அங்கே எழுதுவதுதானே ஒழுங்கு என்று தரத்தை வகுத்தவர்கள் சொல்வார்கள். அங்கேயும் எழுதலாம், ஆனால் அழைப்பு வரும்போது திரையில் பெரிதாகத் தெரிவது பெயர்தான். ஆங்கில விசைப்பலகையில் தேடுபவர்களுக்காகப் புனைபெயர்க் கட்டத்தில் பெயரை ஆங்கிலத்திலும் எழுதி வைக்கலாம்.

இனிச் சுட்டிக் கார்டைப் பார்ப்போம். மினி வெப்சைட் என்றும் டிஜிட்டல் விசிட்டிங் கார்டு என்றும் நம் ஊர்களில் விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். வார்ப்பில் அமைந்த ஒரே பக்கம். அதில் படம், அழைக்கும் பொத்தான், வாட்ஸ்அப் பொத்தான், வரைபடம், பொருள்களின் படங்கள், யுபிஐ கோடு எல்லாம் இருக்கும். முதல் ஆண்டுக்கு ஒரு கட்டணம், பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம். பக்கம் இருப்பது விற்றவரின் பெயரில் உள்ள தளத்தில், கார்டுக்காரரின் பெயரில் அல்ல. புதுப்பிக்கத் தவறினால், அல்லது விற்றவர் தொழிலை விட்டுப் போனால், அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்த ஆயிரம் அட்டைகளில் உள்ள கோடும் ஒரே இரவில் செத்துப்போகும். சிறு நிறுவனங்களுக்கு மட்டும் நேர்கிற விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. நீண்ட முகவரிகளைச் சுருக்கித் தந்த கூகுளின் சேவை 2019 மார்ச்சில் புதிய சுட்டிகள் தருவதை நிறுத்தியது. பழைய சுட்டிகளும் 2025 ஆகஸ்ட் 25உடன் செயலிழக்கும் என்று 2024இல் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, பயன்பாட்டில் இருப்பவற்றை மட்டும் விட்டுவைப்பதாக மாற்றிக்கொண்டது. அத்தனை பெரிய நிறுவனத்தின் சுட்டிக்கே பத்துப் பதினைந்து ஆண்டுதான் உத்தரவாதம் என்றால், இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் கோடை முடக்கிவைத்துப் பணம் கேட்கும் தளங்களை நம்பி அட்டை அடிப்பது சரியான முடிவு ஆகாது. நேரடி விகார்டு கோடுக்குச் சந்தா இல்லை, காலாவதியும் இல்லை. காகிதம் கிழியும்வரை அது வேலை செய்யும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சுட்டி வழியாகக் கார்டைப் பார்ப்பவர், தனக்கும் கொடுத்தவருக்கும் இடையே மூன்றாவது ஆள் ஒருவர் வந்து நின்றதை அறிவதே இல்லை. எந்த நேரத்தில், எந்த வகைப் போனில், ஏறத்தாழ எந்த ஊரிலிருந்து பக்கம் திறக்கப்பட்டது என்று சர்வரில் பதிவாகிறது. சில சேவைகள் கார்டைக் காட்டும் முன்பே பார்ப்பவரின் பெயரையும் எண்ணையும் கேட்கின்றன. இன்னும் சில, செயலியை இறக்கச் சொல்லி முழுக் கான்டாக்ட் பட்டியலுக்கும் அனுமதி கேட்கின்றன. ஒரு கார்டை வாங்கிய குற்றத்துக்காக அவருடைய உறவினர், டாக்டர், பள்ளி ஆசிரியர் எண்களெல்லாம் முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்துக்குப் போகின்றன. நம் நாட்டில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வெளியிட்ட தம் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3ஆவது பிரிவே சொல்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய பக்கத்தில் கைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் பிறந்தநாளையும் வைத்தால், அதை அள்ளிக்கொண்டு போகிறவர்மீது இந்தச் சட்டத்தை நீட்டுவது கடினம். எதிரே நிற்பவருக்கு மட்டும் கொடுக்கும் கோப்பு அப்படிப் பொதுவெளிக்கு வருவதில்லை.

சுட்டிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவானது புதுப்பித்தல் பற்றிய வாதம். எண் மாறினால், வேலை மாறினால், பக்கத்தில் ஒருமுறை திருத்தினால் போதும், கார்டு வாங்கிய எல்லாருக்கும் புதிய விவரம் கிடைக்கும் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தோடு பொருந்தவில்லை. எண்ணைத் தேடுகிறவர் கான்டாக்ட் பட்டியலில்தான் தேடுவார். ஒரு சுட்டியை எங்கே வைத்தோம் என்று நினைவுபடுத்தி, அதைத் திறந்து, எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழைப்பவர் மிகச் சிலர். சுட்டிப் பக்கத்திலும் கான்டாக்டில் சேமி என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தட்டிய கணமே கைக்கு வருவது அன்றைய விகார்டு கோப்புதான். பிறகு பக்கம் மாறினாலும் சேமித்தது மாறாது. அதோடு, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி வந்த பிறகு, கைபேசி எண் ஒருவரோடு பல்லாண்டு தங்கிவிடுகிறது. அப்படியும் எண் மாறுகிறது என்றால் பழைய எண்ணை உடனே கைவிடாமல் சில மாதம் உயிரோடு வைத்திருந்து, வாட்ஸ்அப்பில் புதிய கான்டாக்டை எல்லாருக்கும் அனுப்புவதே உருப்படியான வழி. துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழிந்ததும் வேறொருவருக்குப் போகலாம். பழைய வாடிக்கையாளரின் அழைப்பும் அவருக்கே போகும்.

வியாபாரிக்கு எண் மட்டும் போதுமா, பொருள்களைக் காட்ட வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. கோவை கொடிசியா வளாகத்தில் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது ஒரு பம்பு உற்பத்தியாளர் தன் மாதிரிகளின் படத்தையும் விலைப்பட்டியலையும் காட்ட விரும்புவது நியாயம். அதற்கு விகார்டிலேயே இடம் இருக்கிறது: இணையதள வரியில் நிறுவனத்தின் தளத்தையோ, வாட்ஸ்அப் பிசினஸ் பட்டியலின் முகவரியையோ எழுதிவிடலாம். எண் வாடிக்கையாளரின் போனில் தங்கிவிடும், பட்டியல் வேண்டியபோது திறக்கும். நாளைக்கே அந்தத் தளம் மூடப்பட்டாலும் தொடர்பு அறாது. எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்ற புள்ளிவிவரம் வேண்டும் என்கிற பெரிய விற்பனைக் குழுக்களுக்கு நான் மறுப்பு சொல்லவில்லை. நூறு பேர் கொண்ட குழுவின் கார்டுகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கவும், வேலையை விட்டுப்போனவரின் கார்டை நிறுத்தவும் அவர்களுக்குச் சேவை தேவைப்படும். அவர்களிடம் அதைத் தம் சொந்தத் தளத்தில் வைக்கும் பணமும் ஆளும் உண்டு. பெட்டிக்கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் அந்தத் தேவை இருப்பதுபோல் காட்டி விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தொட்டால் திறக்கும் என்எஃப்சி அட்டைகள் விஷயத்தில் என் வாதம் சற்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த அட்டைகளில் அதிகம் பயன்படும் சில்லுகளில் ஒன்றான என்டேக் 213இல் 144 பைட்தான் இடம். தமிழ் விகார்டு அதில் அடங்காது. 888 பைட் கொண்ட என்டேக் 216இல் அடங்கும். ஆனால் திரை ஒளிர்ந்ததும் தானாகச் சில்லைப் படிக்கும் ஐஃபோன்கள் உள்ளே இணைய முகவரி போன்ற சுட்டி இருந்தால் மட்டுமே கண்டுகொள்கின்றன, விகார்டு இருந்தால் பேசாமல் இருந்துவிடுகின்றன. ஆகவே எல்லாப் போனிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் தொடும் அட்டையில் சுட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சொந்த இணைய முகவரி வாங்கி, அதில் விகார்டு கோப்பை வைத்து, அந்த முகவரியைச் சில்லில் எழுதினால் இடைத்தரகர் இல்லாமல் காரியம் முடியும். சில்லில் மீண்டும் எழுத முடியாதபடி பூட்டிவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் அட்டையைக் கையில் வாங்கும் எவரும் தம் போனால் உள்ளடக்கத்தை மாற்றிவிடலாம்.

கொடுத்த கோப்பைத் திரும்ப வாங்க முடியாதே என்பது பெண்கள் எழுப்பக்கூடிய, அலட்சியப்படுத்தக் கூடாத ஆட்சேபம். வேலை நிமித்தம் கொடுத்த எண்ணுக்கு நள்ளிரவில் குறுஞ்செய்தி வருவது எத்தனையோ பேரின் அன்றாடத் தொல்லை. சுட்டியானால் பக்கத்தை மூடிவிடலாம் என்பார்கள். பக்கத்தை மூடலாம், சேமித்த எண்ணை அழிக்க முடியாது; தொல்லை கொடுக்க நினைப்பவர் முதல் நாளே சேமித்திருப்பார். இதற்கு உண்மையான பாதுகாப்பு முதலிலேயே குறைவாகக் கொடுப்பது. ஒரே போனில் இரண்டு கார்டுகள் வைத்துக்கொள்ளலாம்: அலுவலக எண்ணும் மின்னஞ்சலும் மட்டும் கொண்டது ஒன்று, நெருங்கியவர்களுக்கானது இன்னொன்று. ஐஃபோனில் கான்டாக்டைப் பகிரும்போது எந்தெந்த விவரம் போகலாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது. நேம்டிராப் வந்த பிறகு, 2023 நவம்பரில் அமெரிக்காவில் சில ஊர்களின் காவல்துறைகள், பக்கத்தில் வந்தாலே எண் போய்விடும் என்பதுபோல் எச்சரிக்கை விட்டன. உண்மையில் இருவரும் போனைத் திறந்து, பகிர் என்று தட்டினால்தான் போகும். பயத்தைவிட, தட்டும் முன் திரையில் எந்த எண் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் பயன்படும்.

மோசடி பற்றியும் ஒரு வார்த்தை. பொது இடத்தில் ஒட்டிய கோடின் மேல் வேறு கோடை ஒட்டி ஏமாற்றுவது யுபிஐ வழியாக நமக்கு ஏற்கெனவே தெரிந்த தந்திரம். சுட்டிக் கோடில் எந்தப் பக்கம் திறக்கும், அது என்ன கேட்கும் என்று முன்கூட்டித் தெரியாது. விகார்டு கோடு தன் விவரத்தைத் திரையில் விரித்துக் காட்டிவிட்டுத்தான் சேமிக்கவா என்று கேட்கும். ஆனாலும் வங்கியின் பெயரைப் போட்டுத் தன் எண்ணைக் கொடுப்பவன் இருப்பான். சேமித்துவிட்டால் அவன் அழைக்கும்போது திரையில் வங்கியின் பெயர்தான் ஒளிரும். நேரில் அறியாதவர் அனுப்பிய கான்டாக்டைச் சேமிக்கும் முன் எண்ணைச் சரிபார்ப்பது வாங்குபவரின் கடமை.

காகிதத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் என் பேச்சில்லை. அட்டையை இரு கைகளால் நீட்டி மரியாதையோடு மாற்றிக்கொள்ளும் ஜப்பானில், 2007இல் தொடங்கிய சான்சான் நிறுவனம் காகித அட்டைகளை ஸ்கேன் செய்து பதிந்து தருவதையே பெருந்தொழிலாக வளர்த்தது. கொடுக்கும் சடங்கை அங்கே யாரும் மாற்றவில்லை, வாங்கியதை வைத்துக்கொள்ளும் முறையைத்தான் மாற்றினார்கள். நம் பிரஸ்காரர்களும் இதில் பங்கெடுக்க முடியும். அட்டை அடிக்க வருபவரிடம், பின்பக்கம் விகார்டு கோடு போட்டுத் தரட்டுமா என்று கேட்டால், காகிதத்துக்கும் போனுக்கும் இடையே இருந்த தட்டச்சு வேலை ஒழியும். நடுவில் லோகோ வைக்க விரும்பினால் 30 சதவீதம்வரை சேதம் தாங்கும் உயர் பிழைதிருத்த அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கறுப்பு நிறக் கோடு, வெள்ளைப் பின்னணி, நான்கு பக்கமும் நான்கு புள்ளி அளவுக்கு வெற்றிடம். பளபளக்கும் தங்க நிறத் தாளில் அடித்த கோடைக் கேமரா சிரமப்பட்டுத்தான் படிக்கும்.

வேலை இவ்வளவுதான். உங்கள் போனில் உங்கள் பெயரிலேயே ஒரு புதிய கான்டாக்ட் உருவாக்குங்கள். முழுப்பெயரும் தொழிலும் முதல் பெயர்க் கட்டத்தில்; எண்ணுக்கு முன்னால் கட்டாயம் +91, வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளரும் அழைக்க வேண்டுமே. தொழில் முகவரி, மின்னஞ்சல், இருந்தால் இணையதளம். பிறந்தநாளும் வீட்டு முகவரியும் வேண்டாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் கான்டாக்ட் செயலியிலேயே கியூஆர் கோடாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் படமாகச் சேமித்து உடனே எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் வேறு வகைப் போன் வைத்திருக்கும் இருவரை அழைத்து, அவர்களுடைய மொபைல் டேட்டாவை அணைக்கச் சொல்லி, ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பெயர் தமிழில் ஒழுங்காக விழுந்து, எண் சரியாக இருந்து, சேமிக்கவா என்று போன் கேட்டால் கார்டு தயார். அதற்குப் பதிலாக ஒரு இணையப் பக்கம் திறக்க முயன்று நின்றுவிட்டால், அந்தக் கோடை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.